கனடா கேட்ட கேள்வி

வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேற ஃபைல் கட்டிக் கொடுப்பது என் தொழில். இதில் வெளிநாட்டைப் பற்றித் தெரிந்துகொண்டது கொஞ்சம், பக்கத்து வீட்டைப் பற்றித் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

மலையாள ஊருக்குள் தமிழ் பேசும் தெரு வலியசாலை. அதில் ஒரு அறை. நான், ஒரு கம்ப்யூட்டர், அதைத் தட்ட மலையாளத்துப் பெண் ஷைலஜா. முன்பு கல்ஃபுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது எல்லாரும் கனடா கனடா என்று வருகிறார்கள். நான் வக்கீல் இல்லை. தாள்களைச் சரிபார்த்து அடுக்கிக் கொடுப்பவன். கையெழுத்து அவர்களுடையது. அதில் பொய் இருந்தால் அதுவும் அவர்களுடையது.

ஃபாரத்தில் ஒரு கேள்வி உண்டு. நீங்களோ, உங்கள் மனைவியோ கணவனோ எந்த நாட்டிலாவது விசா முடிந்தும் தங்கியதுண்டா, வெளியேற்றப்பட்டதுண்டா, ஏர்போர்ட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டதுண்டா? உண்டு, அல்லது இல்லை. பதில் அவ்வளவுதான். இந்த வயதில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறேன் என்றால் இந்தக் கேள்விதான் காரணம். ஃபைல் போட்டுவிட்டு இமெயிலைத் திறந்து திறந்து பார்க்கும் சகபாவிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். எனக்குத்தான் பொறுமை கிடையாது.

தாலியோடு ஒரு பிரம்மச்சாரி

விதுராவிலிருந்து எஸ்டேட் குடும்பத்துப் பையன் ஒருவன் மனைவியோடு வந்தான். அவன் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அவள் கல்ஃபில் வீட்டு வேலைக்குப் போய், அடி தாங்காமல் அந்த வீட்டைவிட்டு ஓடியவள். அடித்தவன் மேல் கேஸ் இல்லை. ஓடியவள் மேல்தான் கேஸ். கைரேகை எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதலாம், விளக்கம் கொடுக்கலாம் என்றேன். பையன் அதற்குள் ஃபாரத்தை இழுத்து, கல்யாணம் ஆகவில்லை என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டான். பக்கத்தில் அவள் தாலியோடு உட்கார்ந்திருக்கிறாள். கத்தினேன். பொய் என்று தெரிந்தால் ஐந்து வருஷம் அந்தப் பக்கம் தலைவைக்க முடியாது. தப்பித்துப் போய்ச் சேர்ந்தாலும், இப்போது மறைத்த மனைவியை அப்புறம் மனைவி என்று சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ள முடியாது. அவன் தலையைச் சொறிந்தான். அவள்தான் என்னைச் சமாதானப்படுத்தினாள்.

"விடுங்க சாரே. அங்க போனப்புறம் இன்னொரு வாட்டி கெட்டிக்கிடலாம்."

எனக்காக வந்தவர்

அந்த ஃபைலை நான் கட்டவில்லை. இதற்குமேல் ஒரு அதிர்ச்சி இருக்காது என்று நினைத்தேன். அப்புறம் பகவதி வந்தாள்.

பகவதி எங்கள் தெருவுக்கு வாழ வந்த பெண். பிறந்தது பூதப்பாண்டி. வேலை கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில். நெடுஞ்சாலை நெரிசலில் பஸ் நிற்கிற நேரமெல்லாம் படித்து, ஆங்கிலப் பரீட்சை எழுதி, வயதுக்கும் படிப்புக்கும் வேலைக்கும் அவர்கள் போடும் மார்க்கைச் சேர்த்து, விண்ணப்பம் போடலாம் என்று கனடாவிலிருந்து அழைப்பையும் வாங்கிவிட்டாள். அழைப்பு வந்தால் ஒரு கெடுவுக்குள் முழு ஃபைலும் போட்டாக வேண்டும். விட்டால் போயிற்று. வயது ஏற ஏற மார்க் இறங்கும். இன்னொரு அழைப்பு வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இதெல்லாம் நான் சொல்லவில்லை, அவளே எனக்குச் சொன்னாள். ஃபைலைக் கட்ட என்னிடம் வந்தது, தாளில் ஒரு தப்பும் வரக்கூடாது என்பதற்காக.

கூடவே கணவன் தாணு. சாலைக் கடைத்தெருவில் அப்பாவின் பாத்திரக்கடையில் உட்காருகிறவன். வாய் திறக்காத பையன். கல்யாணத்துக்கு முன்னால் கல்ஃபில் இருந்தான் என்பது எனக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு மேல் இருந்த நாட்டிலிருந்து போலீஸ் சர்டிபிகேட் வேண்டும், இன்றைக்கே எழுதிப் போடு என்றேன். தாணு ஃபேனைப் பார்த்தான். ஃபேன் ஓடவில்லை, கரண்ட் இல்லை. அப்படியும் பார்த்தான். அவனுக்காகப் பகவதிதான் பேசினாள். குரலில் அத்தனை பெருமை.

"அங்க நல்ல வேலை மாமா. எனக்காவத்தான் விட்டுட்டு வந்தாவ."

தேங்காய் உடைத்து முடிந்த கேஸ்

மறுநாள் தாணு வரவில்லை. அப்பா மாதேவன் பிள்ளை வந்தார். கதவைச் சாத்தினார். ஷைலஜாவை வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். தான் டீ குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டு அவள் அங்கேயே இருந்தாள்.

வேறு வழியில்லாமல் சொன்னார். தாணு போனது விசிட் விசாவில். விசா முடிந்தும் வரவில்லை. ஒரு டீக்கடையின் பின்கட்டில் ஒளிந்து வேலை பார்த்தான். அந்த ஊர் அரசாங்கம் பொதுமன்னிப்பு அறிவித்தபோது வெளியே வந்து, கைரேகை கொடுத்து, அவுட்பாஸ் என்கிற ஒற்றைத் தாளைப் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். பகவதியோடு நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு மறுபடியும் போனான். ஏர்போர்ட்டில் கண்ணை ஸ்கேன் செய்தார்கள். பழைய கணக்கு வந்து நின்றது. அடுத்த விமானத்திலேயே திருப்பி ஏற்றிவிட்டார்கள். பெண் வீட்டில் என்ன சொல்வது? கல்யாணத்துக்காக வேலையை விட்டுவிட்டு வந்தான் என்றார்கள். தெருவில் பாதிப் பேருக்குத் தெரியுமாம். இத்தனை காலம் கல்ஃபுக்கு டிக்கெட் போட்ட எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று போடச் சொன்னார். அவர் பொய் எழுதச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. மனிதர் மனதார நம்புகிறார். அந்த நாட்டு அரசாங்கமே மன்னித்தாகிவிட்டது. பையன் வந்து இறங்கிய வாரமே பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சாக்குச் சாக்காகத் தேங்காய் உடைத்தாகிவிட்டது. இங்கே எங்கள் ஆட்களுக்கு அதோடு எந்த வில்லங்கமும் தீர்ந்தது என்று அர்த்தம். தீர்ந்ததை மறுபடியும் எழுதினால் பிள்ளையாரை நம்பாத மாதிரி ஆகிவிடுமாம். நீர் உடைத்த தேங்காயைக் கனடாக்காரன் பார்த்தானா என்று கேட்டேன். பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது.

"உடைச்ச தேங்காயை ஒட்டவைக்கச் சொல்லுதீராக்கும், அண்ணாச்சி?"

மார்க் பத்தாது

அப்பாவால் காரியம் ஆகவில்லை என்றதும் மகன் வந்தான். உட்காரச் சொல்லிவிட்டு, ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். எப்போதோ இன்னொரு நாட்டில் விசா முடிந்து தங்கியதற்காக மட்டும் கனடா கதவைச் சாத்திவிடாது. 'உண்டு' என்று போடு. நடந்ததை ஒரு கடிதமாக எழுதி வை. கேட்டால் பதில் சொல். மறைத்தால்தான் வெடி. ஃபைல் ஒன்று, அதில் நீங்கள் இரண்டு பேரும். நீ சொல்லும் பொய்க்கு அவளுக்கும் சேர்த்து ஐந்து வருஷம் கதவு சாத்தப்படும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாக ஒன்று கேட்டான். மார்க் பத்தாது, ஃபைல் நிற்காது என்று பகவதியிடம் நானே சொல்லிவிட வேண்டுமாம். கெடு அப்படியே கடந்து போய்விடுமாம். விதுராப் பையன் தாலியைத்தான் மறைத்தான். இவன், பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தவளின் அத்தனை பாட்டையும் குப்பையில் போடத் தயாராக இருக்கிறான், ஒரு வாக்கியம் சொல்லப் பயந்து.

வெள்ளிக்கிழமைவரை நேரம், அதற்குள் நீ சொல்லாவிட்டால் நான் ஃபைலை அவள் கையில் திருப்பிக் கொடுப்பேன், ஏன் என்று அவள் கேட்பாள், அப்போது என்ன செய்வாய் என்றேன். போயும் போயும் ஒரு ஃபாரத்துக்கா பயப்படுகிறாய் என்றும் கேட்டேன். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னான்.

"கனடாக்காரன் என்ன நெனச்சாலும் எனக்கொண்ணும் இல்ல மாமா. அவ முகத்தைத்தான் நான் தினமும் பாக்கணும்."

யாருக்கெல்லாம் தெரியும்

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். சொல்லிவிட்டாயா என்று கண்ணால் கேட்டேன். இல்லை என்று தலையை அசைத்தான். என் முன்னால் சொல்லத்தான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். வெளியாள் இருந்தால் சத்தம் வராது என்று கணக்கு. மடையன்.

பிரிண்டரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். விசிட் விசா, டீக்கடை, அவுட்பாஸ், கண் ஸ்கேன். பகவதி சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. யாருக்கெல்லாம் தெரியும் என்று மட்டும் கேட்டாள். அப்பா, அம்மா, அத்தை என்று ஆரம்பித்தான். கடைக் கணக்குப்பிள்ளை. எதிர்வீடு. தேங்காய் சுமந்த ஆள். ஒவ்வொரு பெயருக்கும் அவள் தலையசைத்தாள், தெரிந்தவர்களை விசாரிப்பது போல. ஷைலஜா எங்களுக்கெல்லாம் இடையில் மாட்டிக்கொண்டு, தனக்குச் சத்தியமாகத் தெரியாது கேட்டோ என்றாள். அன்றைக்கு டீ குடிக்கப் போகாமல் உட்கார்ந்து ஆதியோடந்தம் கேட்டவள்தான். நான் முறைத்தேன். நானும் சொல்லவில்லையே என்று அப்புறம்தான் உறைத்தது.

எனக்காக வேலையை விட்டதாக ஆபீசில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேனே என்றாள் பகவதி, யாரைப் பார்த்தும் இல்லாமல். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு ஷைலஜாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். 'உண்டு' என்ற கட்டத்தில் அவளே டிக் போட்டாள். விளக்கக் கடிதத்தை அவள் கேள்வி கேட்க, தாணு பதில் சொல்ல, ஷைலஜா அடித்தாள். ஓரிடத்தில் கொஞ்சம் மழுப்பினான். அதையும் பிடித்தாள். நடுநடுவே அவன் ஆங்கிலத்தையும் திருத்தினாள். எனக்கு எழுந்து வெளியே போகலாம் போல இருந்தது.

"ஒண்ணும் விடாதீங்க சேச்சி, எல்லாம் எழுதுங்க. நான் கேட்டப்ப சொல்லாததை கனடா கேட்டதும் சொல்லுதாவ."

போளியும் டிக்கெட்டும்

ஃபைல் கெடுவுக்குள் போயிற்று. போலீஸ் சர்டிபிகேட்டும் இழுத்தடித்து, கடைசி நேரத்தில் வந்து அதில் சேர்ந்திருந்தது. நடுவில் கனடா ஒரு விளக்கம் கேட்டது. பகவதியே உட்கார்ந்து பதில் எழுதினாள். அந்த மாதங்களில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நான் விசாரிக்கவில்லை. தெருவே வந்து சொல்லிற்று. அவள் வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சமைக்கிறாள். தாணுவோடு பேச வேண்டியிருந்தால் மாமனாரிடம் சொல்கிறாள். மாதேவன் பிள்ளை நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லி இளைத்துவிட்டாராம். தேவைதான்.

ஒருநாள் இமெயில் வந்தது. இரண்டு பேருக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. முதலில் வந்தது மாதேவன் பிள்ளை. கையில் பிரசாதத் தேங்காய்மூடி. பிள்ளையார் கைவிடவில்லை, பார்த்தீரா என்றார். உண்மையை எழுதியதால் வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

சாயங்காலம் பகவதி வந்தாள், தனியாக. ஒரு டப்பா போளி. டிக்கெட் போட வேண்டும் என்றாள். பழைய தொழில், கை தானாக கீபோர்டுக்குப் போயிற்று. எத்தனை என்று கேட்கவில்லை. ஒன்று என்று நானே போட்டுவிட்டேன். அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். ஷைலஜா போளியைக் கையில் வைத்துக்கொண்டு வாயில் போடாமல் நின்றாள். இத்தனை ஃபைல் கட்டியிருக்கிறேன், அதற்கப்புறம் அவள் சொன்னதைக் கேட்டு அதிர்ந்த மாதிரி எப்போதும் அதிர்ந்ததில்லை.

"ரெண்டா போடுங்க மாமா. சீட்டு மட்டும் பக்கத்துப் பக்கத்துல வேண்டாம்."

கனடா இரண்டு விளக்கத்தோடு சமாதானமாகிவிட்டது. வீட்டில் எத்தனை விளக்கம் கேட்பார்கள் என்று எந்த வெப்சைட்டிலும் போட்டிருக்கவில்லை.