மருந்துக்கு வால் வெட்டிய கதை

மண்ணில் வாழும் பக்டீரியா சுரக்கும் அன்டிபயோட்டிக்கை எடுத்து, அதன் மூலக்கூறில் வால் போல நீளும் நுனியை வெட்டி, வேறு வால் ஒட்டி, அது டெங்கு வைரஸை அடக்குமா என்று பார்ப்பது என் தொழில். இந்த வருஷ முடிவுக்குள் ஒரு வாலாவது பலிக்காவிட்டால் பதுளையில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு மூடுவிழா. மாதக் கடைசியில் "என்ன ஆச்சு?" என்று கேட்கும் மேலதிகாரி உங்களுக்கும் இருந்தால் மேலே படியுங்கள், ஆறுதலாக இருக்கும்.

மண் எடுக்கப் போனோம்

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்துக்குப் பின்னால் நானும் உதவியாளர் பிலோமினாவும் கையுறை போட்டுக்கொண்டு மண்ணைச் சுரண்டிப் போத்தலில் அடைத்தோம். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் பாய், தையல் மெஷின், பிள்ளைகளின் புத்தகப் பை எல்லாம் மூட்டையாகக் கட்டியிருந்தது. இந்தப் பக்கம் யாராவது மண்ணைத் தோண்டிப் பார்த்தால் மண்சரிவு அபாயம் என்று அர்த்தம். அப்படியென்றால் அன்றிரவு லயத்து ஆட்களுக்குப் படுக்கை பள்ளிக்கூட மண்டபத்தில். நான் மருந்து, பக்டீரியா என்று நீளமாக விளக்கினேன். கொழுந்து எடுக்கும் மாரியம்மா பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரிங்க மிஸ், ஆட்டையும் கூட்டிக்கிட்டுப் போகலாமா?"

பிலோமினாவின் ஜெபம்

வால் மாற்றிய மருந்து பழைய வேலையை மறந்துவிட வேண்டும். வைரஸுக்கு மருந்து சாப்பிடுகிறவரின் குடலில் இருக்கும் நல்ல பக்டீரியாவை அது ஏன் கொல்ல வேண்டும்? அதனால் மருந்து போட்ட எங்கள் சோதனைத் தட்டில் பக்டீரியா கொழுத்து வளர்ந்தால் நல்ல செய்தி. பிலோமினா எங்களிடம் வருமுன் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் இருந்தவர்; அங்கே தட்டில் ஒன்றும் வளராவிட்டால்தான் நல்ல செய்தி. ஒவ்வொரு தட்டுக்கும் சிலுவை போட்டுத்தான் மூடுவார். ஒரு காலை தட்டு நிறைய வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் கை தட்டினேன். அவர் முகம் வாடிப்போய் நின்றார்.

"நான் தப்பா ஜெபம் பண்ணிட்டேனா மிஸ்?"

கொழும்பிலிருந்து போன்

உயிருள்ள வைரஸை வைத்திருக்க எங்களுக்கு வசதி இல்லை. மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலில் கொழும்புக்கு அனுப்புவோம். அங்கே உயிருள்ள செல்களில் வைரஸை வளர்த்து மருந்தைச் சோதிப்பவர் செல்வம். பரபரப்பே இல்லாத மனிதர்; நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் ஒரே குரலில்தான் சொல்வார்.

"வைரஸ் ஒண்ணுகூட மிச்சமில்ல. அது குடியிருந்த செல்லும் ஒண்ணுகூட மிச்சமில்ல."

பலித்த வால்

வருஷம் முடியும் தறுவாயில் ஒரு வால் பலித்தது. வைரஸ் குறைந்தது, செல் பிழைத்தது, ஆய்வுகூடமும் பிழைத்தது. கடைவீதியில் இனிப்பு வாங்கப் போனவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் "டெங்குவுக்கு மருந்து" என்று சொல்லிவிட்டேன். எங்கே கிடைக்கும் என்று கடை முதலாளி உடனே கேட்டார். அவர் மகள் டெங்குவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எலிக்குக் கொடுத்துப் பார்க்கணும், பிறகு மனிதருக்கு, வருஷக்கணக்காகும், பலிக்காமலும் போகலாம் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் இனிப்பைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"அவ புள்ள காலத்துக்காவது வந்துருமாங்க?"

அவர் மகள் சேலைன் ஏற்றியதிலேயே தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்கள் மருந்து இன்னும் எலிக்காகக் காத்திருக்கிறது.