கண்ணாடிக்காரர் கேமரா பார்க்கிறார்

"ஒண்ணா, ரெண்டா?"

லென்ஸை மாற்றிவிட்டுக் கேட்கிறார். நாற்காலியில் இருப்பவர் ஒண்ணு என்கிறார். கண்ணாடிக்காரருக்கு அதில் திருப்தி இல்லை. "நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது ஒண்ணு. இது ரெண்டு." மறுபடியும் ஒண்ணு. மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் ஒரே பதில் வந்தால்தான் சீட்டில் பவரை எழுதுவார். மூன்றாம் முறை தடுமாறுகிறவர்களிடம் கொஞ்சம் வருத்தப்படுவார். "ரெண்டுல ஒண்ணு சொல்லணும், அவ்வளவுதானே சார்? இதுக்குப் போய் இவ்வளவு யோசிச்சா எப்படி?"

இதைக் கேட்பவர் ஒரு கேமரா வாங்குவதற்குப் பதினான்கு மாதங்களாக யோசித்துக்கொண்டிருப்பவர் என்பது, எதிரே எழுத்துப் பலகையை முறைத்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. தெரிந்தால் மூன்றாம் முறை தடுமாறியதற்காக வெட்கப்பட்டிருக்க மாட்டார்.

நாற்பதைத் தாண்டிய மெலிந்த உருவம். சட்டைப் பையில் எப்போதும் மூன்று துடைப்புத் துணிகள். தெருவில் தெரிந்தவர் யாராவது எதிர்ப்பட்டால், நலம் விசாரிப்பதற்கு முன் அவர் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிடுவார். "இதை வெச்சுக்கிட்டு உங்களுக்கு எப்படி உலகம் தெரியுது?" கழற்றிய அந்த அரை நிமிடம் உலகம் தெரியாமல் நிற்பவர் பதில் சொல்லும் நிலையில் இருப்பதில்லை.

கேமரா என்றால் கழுத்தில் தொங்கும் அசல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். முதல் கேமரா, கைக்கு அடக்கமான விலை. அடக்கம் என்பதற்கு வீட்டில் சட்டம் உண்டு: ஃப்ரிட்ஜைவிட விலை கூடிய எந்தப் பொருளும் வாசலைத் தாண்டக் கூடாது. சட்டம் இயற்றியவர் மனைவி. அந்தச் சட்டத்துக்குள் அடங்கியவை இரண்டே இரண்டு கேமராக்கள். போன வருடத்து மாடலுக்குப் 'பெரியவன்' என்றும், இந்த வருடத்து மாடலுக்குச் 'சின்னவன்' என்றும் கண்ணாடிக்காரரே பெயர் வைத்தார். வீட்டில் இருப்பது ஒரே மகள் என்பதால், முதலில் இந்தப் பேச்சைக் கேட்ட பக்கத்து வீட்டார் சற்றுக் குழம்பிப் போனார்கள்.

ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. முடிவெட்டுபவர் மெகாபிக்சலைப் பார்க்கச் சொன்னார். வங்கிக் காசாளர், பாடி ஒன்றுமில்லை, லென்ஸ்தான் எல்லாம் என்றார். லென்ஸ் என்ற சொல்லை இன்னொருவர் வாயால் கேட்பது கண்ணாடிக்காரருக்குப் பிடிக்கவில்லை. கண் பரிசோதனைக்கு வந்த ஸ்டூடியோக்காரர் மட்டும், "எதை வேணா வாங்குங்க சார். முதல் கேமராவே தப்புப் பண்ணிக் கத்துக்கத்தான்" என்றார். இத்தனை பொறுப்பில்லாத மனிதருக்கு எப்படித் தொழில் நடக்கிறது என்று கண்ணாடிக்காரர் இரண்டு நாள் கவலைப்பட்டார்.

"போன் எதுக்கு இருக்கு மச்சான்?" என்று கேட்டுப் பார்த்தான் மைத்துனன்.

"போன்ல எடுத்தா மூஞ்சிய மாவு பிசைஞ்ச மாதிரி வழவழன்னு ஆக்கிடும். என் பொண்ணு மூஞ்சி எனக்கு இருக்கிறபடி வேணும்."

கொள்கை என்று வந்துவிட்டால் முழுதாக இருக்க வேண்டுமல்லவா? மகளைப் போனில் படமெடுக்க வீட்டில் தடை. கூடத்துச் சுவரில், அவள் படத்துக்கென்று அடித்த ஆணி பதினான்கு மாதங்களாகத் தயார். மனைவி அதில் குடையை மாட்டுகிறார்.

"என்னைப் பிடிச்சிருக்குன்னு சொல்ல உங்களுக்குப் பத்து நிமிஷம் ஆகல."

"அப்போ எதிர்ல ஒருத்திதானே இருந்தா."

அன்று இரவுச் சாப்பாட்டை அவரே பரிமாறிக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் ஒன்றரைக்குக் கேமராக் கடை. கண்ணாடி மேசைமேல், யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாதபடி கம்பியில் கட்டிய பெரியவனும் சின்னவனும். அவரைப் பார்த்ததும் கடைக்காரம்மா எழுந்து வருவதை நிறுத்திப் பல மாதங்கள் ஆகின்றன. இவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணில் வைத்து, எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு தம் கடையிலிருந்து கொண்டுவந்த கண் பரிசோதனைச் சீட்டில் குறிப்பார். வலது கண் கட்டத்தில் பெரியவன். இடது கண் கட்டத்தில் சின்னவன்.

சிக்கல் அங்கேதான். ஒரு வாரம் பெரியவனில் கடிகாரம் துல்லியமாகத் தெரியும், சின்னவன் மங்கல். சரி, பெரியவன்தான் என்று முடிவுசெய்து, உறுதிப்படுத்திக்கொள்ள அடுத்த வாரம் வந்தால் பெரியவன் மங்கல், சின்னவன் பளிச். ஒரு வாரம் இருவருமே மங்கல். "எடுத்த படத்தைப் பாருங்க சார், ரெண்டுமே நல்லாத்தான் வந்திருக்கு" என்பார் கடைக்காரம்மா. "படம் அப்புறம்மா. முதல்ல பாக்கிற கண்ணுக்குத் தெளியணும்." இப்படி ஐம்பத்தெட்டுச் சீட்டுகள் சேர்ந்தன. கேமராவுக்கும் மனிதனைப் போல் பார்வை ஏறி இறங்குமோ என்று அவர் யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

அந்த நிலையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மகளுக்கு முன்பல் ஆட ஆரம்பித்தது.

மேல்வரிசையில் இடப்பக்கம். பக்கத்துப் பல்மேல் லேசாகச் சாய்ந்து நிற்கும் பல். அவள் சிரிப்பே அந்தச் சாய்வில்தான் இருக்கிறது என்பது அப்பாவின் கருத்து. அந்தச் சிரிப்புக்காகத்தான் கேமராவே. விழுந்தால் போயிற்று, முளைப்பது வேறு பல், வேறு சிரிப்பு.

மகள் விஷயத்தின் கனத்தைப் புரிந்துகொண்டாள். "நீ கேமரா வாங்குற வரைக்கும் விழாதுப்பா, நான் பாத்துக்கிறேன்." அன்றிலிருந்து ரொட்டியைப் பாலில் ஊறவைத்து வலப்பக்கம் மட்டும் மென்றாள். ஆப்பிளைச் சீவிக் கேட்டாள். தும்மல் வந்தால் உள்ளங்கையால் வாயைத் தாங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பல் ஒரு நூலில் நின்றது. "நாளைக்கும் சீட்டு எழுதிட்டு வந்தீங்கன்னா, அந்த ஆணியைப் பிடுங்கிடுவேன்" என்றார் மனைவி.

சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போனார். அவளை முக்காலியில் உட்கார வைத்துவிட்டுப் பெரியவனை எடுத்தார். மங்கல். சின்னவன், அதைவிட மங்கல். சீட்டை எடுத்தார். "இன்னிக்குப் பாத்து ரெண்டும் இப்படிப் பண்ணுதே."

மகள் சின்னவனை வாங்கித் தன் கண்ணில் வைத்துக்கொண்டாள். கண்ணாடிக் கடையில் தவழ்ந்து வளர்ந்தவள். எதைக் கண்டாலும் திருகிப் பார்க்கும் விரல்கள். கண் வைக்கும் துளைக்குப் பக்கத்தில் மிளகளவு சக்கரம் ஒன்று இருந்தது. அதைத் திருகினாள்.

"அப்பா, இது நம்ம கடை மெஷின் மாதிரியே இருக்கு. இப்படித் திருப்பினா மங்குது. இப்படித் திருப்பினா தெளிவாகுது."

கண்ணாடிக்காரர் வாங்கிப் பார்த்தார். சக்கரத்தை ஒரு பல் இந்தப் பக்கம், ஒரு பல் அந்தப் பக்கம் நகர்த்தினார். கடிகாரத்தின் விநாடி முள் வரை தெரிந்தது. பெரியவனிலும் அதே சக்கரம். அதே முள்.

"அது அவங்கவங்க கண் பவருக்குத் தக்கபடி வெச்சுக்கிறதுக்கு சார்" என்றார் கடைக்காரம்மா. "வர்றவங்க போறவங்க எல்லாரும் திருகிட்டுப் போவாங்க."

"பதினாலு மாசமா ஏன்மா சொல்லல?"

"நீங்க கண்ணாடிக்காரர். உங்களுக்குப் போய் நான் சொல்லணுமான்னு இருந்துட்டேன்."

ஊருக்கெல்லாம் பவர் பார்ப்பவரின் முகம் அந்த நேரத்தில் எப்படி இருந்ததோ, மகள் அதைப் பார்த்தாள். நான்கு நாளாகக் காத்த காவலை மறந்து, வாய் கொள்ளாமல் சிரித்தாள். கண்ணாடி மேசைமேல் டக் என்று ஏதோ விழுந்து உருண்டது.

மூவரும் அதைப் பார்த்தார்கள்.

"ஸாரிப்பா" என்றாள் மகள். உதடு பிதுங்கத் தொடங்கியது.

கண்ணாடிக்காரர் குனிந்து எந்தக் கேமரா என்றுகூடப் பார்க்கவில்லை. கையில் இருந்ததை நீட்டினார். "இதையே கொடுங்கம்மா. இப்பவே. முதல்ல உள்ள ஒரு கார்டு போடுங்க." கடைக்காரம்மா பில் புத்தகத்தைத் தேடி எடுப்பதற்குள் இவரே கார்டை எடுத்து மாட்டிவிட்டார். இந்த வாடிக்கையாளருக்கு அந்தப் புத்தகம் தேவைப்படும் என்று அந்த அம்மா நினைத்திருக்கவில்லை.

மகள் அதற்குள் யோசித்து முடித்திருந்தாள். பல்லை எடுத்துக் கவுனில் துடைத்து, பழைய இடத்தில் செருகி, உள்ளிருந்து நாக்கால் முட்டுக்கொடுத்து இளித்தாள். அவர் எடுத்தார். எடுத்த மறுகணம் பல் மடியில் விழுந்தது. அவள் மறுபடி சிரித்தாள், நடுவில் ஒரு கறுப்பு ஜன்னலோடு. அதையும் எடுத்தார்.

மண்டியிட்டு உட்கார்ந்து திரையை அவளிடம் காட்டினார். முதலில் பல்லோடு, பிறகு பல்லில்லாமல்.

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு" என்றாள் மகள், உடனே.

மறுபடி கேட்கும் பழக்கத்தில், முதல் படத்துக்குத் திரும்பும் பொத்தான்மேல் அவர் கட்டைவிரல் போயிற்று. அங்கே சற்று நின்றது. பிறகு அந்த விரலை மடக்கி, மற்ற நான்கு விரல்களாலும் மூடிக்கொண்டார்.