ஒயர்புடுங்கி

தொழிற்சாலைகளில் அவருக்கு வைத்த பெயர் ஒயர்புடுங்கி. முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்கள் கிடையாது. அவர் காதிலும் விழும். விழுந்தால் என்ன, எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நின்று தன் வேலையைப் பார்ப்பார்.

அவர் வேலை சீரியல் கன்வர்ட்டர் பொருத்துவது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. எங்கோ ஒரு மூலையில் தொட்டியோ கொதிகலனோ இருக்கும். அதை அளக்கிற கருவி ஒரு பாஷை பேசும். கட்டுப்பாட்டு அறையிலிருக்கும் கம்ப்யூட்டருக்கு வேறு பாஷை. நடுவில் உட்கார்ந்து இரண்டையும் பேசவைப்பது இந்த டப்பா. அது ஒழுங்காக இருக்கும்வரை ஒருவருக்கும் அதன் ஞாபகமே வராது. புகுந்த வீட்டில் நல்ல மருமகளுக்குக் கிடைக்கிற மரியாதைதான்.

மற்றவர்கள் டப்பாவைப் பொருத்திவிட்டு, திரையில் எண் வந்ததும் கையெழுத்து வாங்கிக் கிளம்பிவிடுவார்கள். இவர் கிளம்பமாட்டார். ஆபரேட்டரைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, ஒயரைப் பிடுங்குவார். "இப்ப என்ன தெரியுது?" எண் மறைந்து அலாரம் அடித்தால்தான் கையெழுத்து. ஷிப்டு மாறினால் அடுத்த ஆபரேட்டரையும் உட்காரவைத்து இன்னொரு தரம். ஓடுகிற லைனை அறுத்து விளையாடுகிறாரே என்று சூப்பர்வைசர்களுக்கு எரிச்சல். இரண்டு கம்பெனிகள் இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றே சொல்லிவிட்டன. நாலு வருடத்துக்கு முன்புவரை அவரும் எல்லோரையும் போலக் கையெழுத்து வாங்கிக் கிளம்பியவர்தான்.

அப்போது துணிக்குச் சாயம் போடும் ஆலை ஒன்றில் அவர் மனைவியின் தம்பி ஆபரேட்டராக இருந்தான். அங்கே கழிவுநீர்த் தொட்டிக்குள் விஷவாயு சேர்கிறதா என்று பார்க்க ஒரு கருவி உண்டு. அதற்குக் கன்வர்ட்டர் போட்டவர் இவரேதான். பக்கத்திலிருக்கும் பெரிய மோட்டார் ஓட ஆரம்பித்தாலே லைன் ஒரு நொடி அறுந்து ஒட்டும். உடனே அலாரம். ஒரு ஷிப்டுக்கு முப்பது தடவை.

"மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஒரு வாய் நிம்மதியாச் சாப்பிட முடியல. இதுக்கு ஏதாவது பண்ணுங்க."

"கேபிள மாத்தணும் மாப்ள. இன்னும் நல்ல டப்பாவாப் போடணும். அதுக்கு ஆலைய ஒருநாள் நிறுத்தணுமே."

"அடுத்த மாசம் நிறுத்துவாங்க. அதுவரைக்கும்?"

அதுவரைக்கும் ஒரு வழி இருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு கட்டம்: பதில் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே காட்டு. அதில் ஒரு டிக் அடித்தார். இரண்டு நிமிட வேலை. அலாரம் வாயை மூடிக்கொண்டது. "மாமான்னா மாமாதான்" என்று மச்சினன் சிரித்தான்.

அடுத்த மாதம் ஆலையை நிறுத்தவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. ஒரு மழை நாளில் இடி விழுந்து கன்வர்ட்டர் கருகிப்போனது. திரையில் மட்டும் காலையில் வந்த பூஜ்யம் அசையாமல் நின்றது. மதியம் தொட்டியில் பம்பு அடைத்துக்கொண்டது. மச்சினன் திரையைப் பார்த்தான். பூஜ்யம் என்றால் வாயு இல்லை, இறங்கலாம். ஏணியில் இறங்கினான். அவனைத் தூக்கித்தான் கொண்டுவந்தார்கள்.

விசாரணையில் கருகிய டப்பாவை மேசைமேல் வைத்துப் பார்த்தார்கள். இடியால் கருவி கெட்டது என்று எழுதினார்கள். இவரைக் கேட்டபோது ஆமாம் என்று தலையை ஆட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அந்த மனுஷனுக்குச் சோறே இறங்கவில்லை. மனைவி எதிரில் உட்காரும்போதெல்லாம் நாக்கு நுனிவரை வரும். சொன்னால், தம்பியைக் கொன்றவனோடு அவள் எப்படி இருப்பாள்? அவளும் போய்விட்டால் அவருக்கு வேறு யார்? இடி இடித்தால் அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு இவர் முகத்தைப் பார்ப்பாள். இவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொள்வார். ஆலை ஆலையாகப் போய் ஒயர் பிடுங்கியதெல்லாம் கண் கெட்ட பிறகு செய்த சூரிய நமஸ்காரம். அது அவருக்கே தெரியும்.

போன வாரம் அந்தச் சாய ஆலையிலிருந்தே கூப்பிட்டார்கள். பழைய கம்ப்யூட்டரை மாற்றவேண்டுமாம். மறுக்க வாய் வரவில்லை, போனார். கருகிய டப்பாவின் இடத்தில் வேறு யாரோ புது டப்பா போட்டிருந்தார்கள். பழைய கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தைத் தேடிப் பார்த்தார். டிக் அப்படியே இருந்தது. நாலு வருடமாக ஆட்கள் அந்த எண்ணை நம்பித் தொட்டியில் இறங்கி ஏறியிருக்கிறார்கள். எல்லா ஆலையிலும் ஒயர் பிடுங்கிப் பார்த்த மனுஷன் இந்த வாசலை மட்டும் மிதிக்கவில்லை. டிக்கை எடுத்தார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, போட்டது நான்தான் என்றார். அவர் எழுதிக் கொடுக்கச் சொன்னார். இவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இனி அடுத்தவர் வாயால் இது வீட்டுக்குப் போகக்கூடாது என்று நேராக பஸ் ஏறினார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்," என்றாள். "நீங்க டிக் போட்ட அன்னைக்கே தம்பி போன்ல சொன்னான். மாமா அலாரத்த அடக்கிட்டாரு அக்கா, இன்னைக்குத்தான் நிதானமாச் சாப்பிட்டேன்னு."

அவர் அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"நாலு வருஷமா ஒரு வார்த்தை கேக்கலையே நீ."

"கேட்டா இல்லன்னு சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு. அப்படிப் பொய் சொல்லிட்டீங்கன்னா அப்புறம் எனக்கு நீங்களும் இல்ல."

அவள் இன்னொரு சட்டையை எடுத்தாள். பாதி மடித்தவள் நிறுத்தினாள்.

"இன்னைக்குக் காலைல வரைக்குமா அது அப்படியே இருந்துச்சு?"

"ஆமா."

"ஆளுங்க இறங்கிட்டுத்தான் இருந்தாங்களா?"

"ஆமா."

"நான் கேட்டிருக்கணும்," என்றாள். பிறகு சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு, தம்பியைக் கொண்டுவந்து கிடத்திய நாளில்கூட அழாத அழுகை அழுதாள்.