கியாரோக் பட்டியின் கடைசி மூட்டை

ஸ்கர்மா அத்தையைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் நல்லதாக நாலு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அந்தச் சிரமத்தை அவளும் யாருக்கும் வைத்ததில்லை. பத்தொன்பதில் கல்யாணம். இருபத்திரண்டில் புருஷன் லே நகரத்துக்கு டாக்சி ஓட்டப் போனான். மூன்று வருஷம் கழித்து வந்தபோது அவன் படுக்கையில் கிழட்டுக் கிடா ஒன்று படுத்திருந்தது.

"அது பேசாம படுத்திருக்கு. நீ போ," என்றாளாம். போய்விட்டான்.

அவளுக்கென்று மிஞ்சியது நூற்று நாற்பது பஷ்மினா ஆடும், கியாரோக் பள்ளத்தில் அவள் அப்பா அடுக்கிய கல்பட்டியும்தான். கடுங்குளிரில்தான் ஆடுகள் குட்டி போடும். ஊர்ப்பக்கம் போட்டால், ஈரக்குட்டி எழுந்து நிற்பதற்குள் விறைத்துவிடும். கியாரோக்கில் காற்று அடிக்காது. பட்டித் தரையில் முழங்கால் ஆழத்துக்குப் பழைய புழுக்கை. அடியிலிருந்து வெதுவெதுப்பு ஏறிக்கொண்டே இருக்கும்.

எல்லையில் கைகலப்பு வந்த வருஷம், மலை உச்சியில் இருந்த சிப்பாய்களுக்கு மூன்று மாதம் முதுகில் தண்ணீர் கேன் சுமந்தாள். பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அதை ஆட்டுக் கொட்டகையில் ஆணியடித்து மாட்டினாள். பிறகு இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, நடுவில் உள்ள பள்ளத்துக்கு யாரும் போகக்கூடாது என்று முடித்தார்கள். கியாரோக் அதற்குள் மாட்டியது. போன குளிரில் மட்டும் அறுபத்தொரு குட்டி செத்தது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மூன்று குளிர்காலம் புதுப் புழுக்கை விழாத பட்டி யாருடையதும் இல்லை, வருகிறவன் எடுத்துக்கொள்ளலாம். பள்ளத்தை மூடி இது நாலாவது குளிர்.

அப்போதுதான் டெல்லியிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். நாட்டின் பாதுகாப்புக்குத் திட்டம் எழுதுகிறவர்களாம். அவர்களை உட்கார வைத்த ஊர்க் கூடத்தில் தகர அடுப்பு இருந்தது, எரிக்கத்தான் ஒன்றும் இல்லை. ஊர்த்தலைவர் உர்கேன் என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பினார். பள்ளத்தை மூடுவதற்கு முன்பு கியாரோக்கில் வெட்டியெடுத்த புழுக்கை ஒரு மூட்டை அவளிடம் பாக்கி இருந்தது, குட்டி போடும் நாளில் எரிக்கவென்று. எல்லாரும் ஆச்சரியப்படும்படி, மறுபேச்சில்லாமல் அதை என் முதுகில் ஏற்றிவிட்டு, தானும் கூடவே வந்தாள்.

கண்ணாடிக்காரர் ஒருவர் அடுப்பில் கையைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டே பேசினார். "நாம எழுந்து வர்ற நாடும்மா. பெரிய யானைங்க முட்டிக்கிற நேரம். ஒருத்தன்கிட்ட ஆயுதம் வாங்கணும், இன்னொருத்தன்கிட்ட எண்ணெய் வாங்கணும். சண்டை போடுறவன்கிட்டயே வியாபாரமும் பண்ணணும். யார் பக்கமும் சாயாம நிக்கணும்."

"நாலு வீட்டுல சாப்பிட்டு எந்த வீட்டுலயும் பாத்திரம் கழுவாத மாப்பிள்ளை மாதிரி," என்றாள் அத்தை.

உர்கேன் இருமினார். "ஸ்கர்மா, விருந்தாளிங்க."

"விருந்தாளின்னுதானே மூட்டையையே கொடுத்தேன். சார், என் ஆடு எப்ப கியாரோக் போகும்?"

"பொறுமையா இருக்கணும். அந்தப் பக்கத்துக்காரன், அது எங்க மேய்ச்சல் நிலம்னு சொல்றான். நம்ம ஆளுங்கதான் அங்க இருந்தாங்கன்னு காட்ட ஏதாவது ஆதாரம் இருக்கா?"

அத்தை அடுப்புக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். சாம்பல்தான் இருந்தது.

"இவ்வளவு நேரம் இருந்துச்சு சார். கை சூடாச்சா?"

கிளம்பும்போது கண்ணாடிக்காரர், "நீங்கதான் நாட்டோட கண்ணும் காதும்" என்று சொல்லிவிட்டு பூட்ஸை மாட்டினார். பூட்ஸுக்குள் நாலு புழுக்கை எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. ஆதாரம் கேட்டாரே, கிடைத்திருக்கும்.

மறுநாள் காலை அத்தையும் நானும் ஆடுகளைக் கியாரோக் பாதையில் ஓட்டினோம். வழியில் ராணுவ முகாமின் தடுப்பில் நிறுத்தினார்கள். அங்கிருந்து பார்த்தால் பள்ளம் தெரியும். அவள் அப்பாவின் பட்டிக்குள் அந்தப் பக்கத்து மந்தை ஒன்று நின்றிருந்தது. அத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் திட்டாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"திரும்பிப் போங்கம்மா," என்றான் காவல் சிப்பாய்.

"ஆடுகிட்ட சொல்லு. அதுக்கு வலி வந்துடுச்சு."

முகாமின் மணல்மூட்டைச் சுவர் காற்றைத் தடுத்தது. அதை ஒட்டி ஆடுகளை மடக்கிவிட்டு உட்கார்ந்தாள். நாலு நாள். பதினேழு குட்டி விழுந்தது. இரண்டு போயின. என் கோட்டுக்குள் இருந்த ஒன்று மூன்று தடவை மூத்திரம் பெய்தது. நான் எடுத்துப் போடவில்லை. காவல் சிப்பாய், யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, தன் கம்பளியைச் சுவருக்கு இந்தப் பக்கம் நழுவவிட்டான்.

ஐந்தாம் நாள் அதிகாரி இறங்கி வந்தார். "இது ராணுவ இடம். உடனே காலி பண்ணு."

அத்தை குனிந்து ஒரு கைப்பிடிப் புழுக்கையை அள்ளி, மூட்டைச் சுவர்மேல் வரிசையாக வைத்தாள்.

"புதுப் புழுக்கை விழுந்தாச்சு சார். இனிமே இது என் பட்டி. மூணு குளிர்காலம் நான் வராம இருந்தா நீங்க எடுத்துக்கலாம்."

அடுத்த குளிருக்கும் வந்தாள்.