அர்த்தநாரி அண்ணனின் இரண்டாம் சுற்று

செவ்வாய்க்கிழமை காலை, தேர்வுப் பணி அட்டவணைக்கும் வருகைப்பதிவு நினைவூட்டலுக்கும் நடுவில், கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. கணினித் துறையில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற அர்த்தநாரி காலமானார். கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்தன. எங்கள் துறைத் தலைவரும் ஒன்று போட்டார். அடுத்த வரியிலேயே, தேர்வுப் பணியை மாற்றிக் கேட்பவர்கள் மதியத்துக்குள் கேட்க வேண்டும் என்று எழுதினார். திருச்செங்கோட்டில் அண்ணனை எடுக்கும்வரை நான் அந்த வீட்டு வாசலில் நின்றேன். துறைத் தலைவர் வரவில்லை. மறக்கக் கூடாத விஷயம் என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அண்ணன் எங்களிடம் வருவதற்கு முன் ரிக் லாரியில் இருந்தவர். வட மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகளில் கம்ப்ரசர் ஓட்டினார். முழங்காலில் அடிபட்டபின் கல்லூரிக்கு வந்து, ஆய்வகத்தின் ஜெனரேட்டர், யுபிஎஸ், ஏசி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். தலைவர் நாற்காலி என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போன நாளில், ஆசிரியர் அறையில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் மட்டும் டீயுடன் வந்தார். “நாற்காலி போனாப் போவுதுங்க சார். ஜெனரேட்டர் சாவி நம்மகிட்டத் தானுங்களே இருக்குது” என்றார். முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு அந்தக் கல்லூரியில் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

ஆயுத பூஜை அவருக்குப் பெரிய நாள். ரிக் வண்டிக்காரர்களின் பழக்கம் அவரை விடவில்லை. ஆய்வகத்தில் ஒரு கணினி விடாமல் சந்தனமும் குங்குமமும் வைப்பார். திரையில் வைக்க மாட்டார், பின்பக்கம்தான். “மூஞ்சியில வெச்சா எழுத்து மறைக்குமுங்க. பின்னாடி வெச்சா யாருக்கும் இடைஞ்சல் இல்லீங்க” என்பது அவர் கணக்கு. வீட்டிலும் அப்படியே, மிக்சி முதல் மகளின் லேப்டாப் வரை.

ஓய்வுக்கு மூன்று ஆண்டுகள் இருக்கும்போது அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை. விரல்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று ரப்பர் பந்து கொடுத்தார்கள். பந்தைப் பிசைந்துகொண்டு உட்கார அவருக்கு மனம் வரவில்லை. அவருக்குப் பிடித்தது கார் பந்தயம். மகள் வளர்மதி பள்ளியில் படித்தபோது அவளுக்கென்று ஒரு கேம் பெட்டி வாங்கி, அவளைவிட அதிகமாக விளையாடியவர் அவர். அந்தப் பெட்டி என்றோ மின்சாரம் ஏறியதில் கருகிவிட்டது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வேலை பார்க்கும் வளர்மதி, தன் பழைய லேப்டாப்பில் எமுலேட்டர் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். கேம் பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் அது. கையில் பிடிக்கும் கன்ட்ரோலரும் வாங்கி வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். முதல் சுற்று சரியாக ஓடியது. இரண்டாம் சுற்றில் கார் சேற்றில் போவதுபோல் போனது. பொத்தானை அழுத்தினால் தாமதமாகத் திரும்பியது. இஞ்சின் சத்தம் இழுபட்டது. அண்ணன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, வளர்மதி சமையலறைக்குப் போகும்வரை காத்திருந்தார்.

“ஏனுங்க சார், இது மெதுவாப் போவுதுங்களா? இல்ல எனக்குத்தான் அப்படித் தெரியுதுங்களா?”

“மெதுவாகத்தான் போகிறது, அண்ணா.”

“எம்மனசு நோவக் கூடாதுன்னு சொல்லாதீங்க. தலைக்குள்ளயும் அடிபட்டிருக்குன்னு டாக்டர் சொன்னாருங்க. முதல் சுத்து நல்லா இருக்குது, அப்புறம் எல்லாமே இழுக்குது. என்ர கை அசந்து போவுதுங்களா, கண்ணு அசந்து போவுதுங்களா, ஒண்ணும் புரியலீங்க.”

அவர் பயந்து நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

அந்த வாரம் துறைத் தலைவர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனார். இரண்டு நிமிடம் திரையைப் பார்த்தவர், “கேம் நல்லாத்தானே ஓடுது. நீங்க ரெஸ்ட் எடுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். மறுநாள், அர்த்தநாரியின் கை மிகவும் மந்தமாகிவிட்டது, ஜெனரேட்டர் பொறுப்பை இனி ஒப்படைக்க இயலாது, உடல்நிலை காரணமாக விடுவிக்கலாம் என்று முதல்வருக்குக் குறிப்பு எழுதினார். தட்டச்சு செய்தவர் என்னிடம் சொன்னார். நான் அண்ணனிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று அப்போது தோன்றியது.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் நான் அந்த லேப்டாப்போடு போராடினேன். படத்தின் தெளிவைக் குறைத்தேன். ஒலியை நிறுத்தினேன். பின்னணியில் ஓடிய மென்பொருள்களை நீக்கினேன். எமுலேட்டரை மாற்றினேன். இரண்டாம் சுற்று அப்படியேதான் இருந்தது. லேப்டாப் பழையது, வேறு வாங்க வேண்டும் என்று நான் தீர்ப்புச் சொல்லும் நேரத்தில் அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“வளரு, செல்லுல வாட்ச்ச ஓட்டு சாமி. சார், நீங்க கேமுக்குள்ள ஓடற டைமப் பாருங்க. நான் ஓட்டறேன்.”

ஓட்டினார். இரண்டாம் சுற்று முடிந்ததும் நான் கேமின் நேரத்தைச் சொன்னேன்: ஒரு நிமிடம் பத்து விநாடி. வளர்மதி தன் செல்போனைக் காட்டினாள். இரண்டரை நிமிடம் ஆகியிருந்தது.

“அப்பா, அதோட நிமிசமே இழுத்துட்டுப் போவுதுங்கப்பா.”

“அப்ப எனக்கில்லீங்களே சார்? அதுக்குத்தானுங்களே?”

அவருக்கில்லை. பந்தயம், கார், கேமுக்குள் இருந்த கடிகாரம், எல்லாம் சேர்ந்து தாமதமாக ஓடிக்கொண்டிருந்தன. கை அல்ல, கண் அல்ல, தலை அல்ல. கணினியில் ஆராய்ச்சி செய்த எனக்கு, வெளியே ஒரு கடிகாரத்தை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது.

அத்தோடு அவர் விடவில்லை. லேப்டாப்பின் மேல் காதை வைத்தார். “இது மூச்சு முட்டுதுங்க சார். காத்து இழுக்குது, உடமாட்டேங்குது.” திருப்பிப் பார்த்தோம். சூடான காற்று வெளியேறும் துளைகள் முழுக்கச் சந்தனம். ஐந்தாறு ஆயுத பூஜைகளின் சந்தனம், தூசியோடு சேர்ந்து காரை பூசியதுபோல் இறுகியிருந்தது. லேப்டாப் கொதித்துப்போய், தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்திருக்கிறது. மின்விசிறியின் சத்தத்தை மூன்று வாரமாக நானும் கேட்டேன். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வளர்மதி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நீங்களே அடைச்சுட்டு, நீங்களே அழுதீங்களாப்பா?”

“சிரி சாமி, நல்லாச் சிரி. பொழுதன்னைக்கும் கம்ப்ரசர் ஃபில்டரத் தட்டித் தட்டிச் சுத்தம் பண்ணுனவன் நான். என்ர ஊட்டுக்குள்ளயே இப்படிப் பண்ணி வெச்சிருக்கேன் பாரு.”

பல் துலக்கும் பிரஷ்ஷால் அவரே சுரண்டினார், வலது கையால். ஒரு மணி நேரம் ஆனது. எங்களைத் தொட விடவில்லை. பிறகு ஓட்டினார். இரண்டாம் சுற்றும் முதல் சுற்றின் வேகத்திலேயே பறந்தது. வளைவுகளில் அவர் விரல்கள் பதிந்து எழுந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலிடம். அடுத்து என்னை ஓட்டச் சொன்னார். முதல் வளைவிலேயே மோதினேன்.

இரண்டு வாரம் கழித்து மருத்துவச் சான்றிதழுடன் கல்லூரிக்கு வந்தார். கூடவே லேப்டாப்பும். துறைத் தலைவர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, “எதுக்கும் யோசிச்சுக்கலாமே” என்றார். அண்ணன் லேப்டாப்பைத் திறந்து மேசைமேல் வைத்து, ஒரு பந்தயம் ஓட்டிக் காட்டினார். பிறகு கன்ட்ரோலரை மரியாதையாக நீட்டினார்.

“நீங்க ஒரு ஓட்டு ஓட்டுங்க சார். உங்க கை நல்லாத்தானுங்களே இருக்குது?”

அறையில் நாங்கள் ஐந்தாறு பேர் இருந்தோம். மறுக்க முடியாமல் வாங்கினார். மோதினார், பின்பக்கமாக ஓட்டினார், கடைசியாக வந்து சேர்ந்தார். அந்தப் பாதையைக் குறைந்த நேரத்தில் முடித்தவர்களைக் காட்டும் கேமின் பட்டியலில் பத்து இடங்கள். ஒன்பதில் ஏற்கெனவே அண்ணன் இருந்தார். காலியாக இருந்த பத்தாவது இடத்துக்குப் பெயரின் மூன்று எழுத்துகளைக் கேட்டது. அண்ணன் கன்ட்ரோலரைத் திரும்ப வாங்கி, துறைத் தலைவரின் எழுத்துகளைத் தன் வலது கையாலேயே பதித்தார். அன்று மதியமே அந்தக் குறிப்பு திரும்பப் பெறப்பட்டது. மூன்று ஆண்டுகளும் முழுதாக வேலை பார்த்து, ஜெனரேட்டர் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே அண்ணன் ஓய்வுபெற்றார்.

அந்தப் பந்தயப் பாதையில் மட்டும் அவர் பிறகு ஓட்டவே இல்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “நான் இன்னொரு ஓட்டு ஓட்டுனா அவரு பேரு கீழ உழுந்துருமுங்க சார்” என்றார்.

காரியம் முடிந்த அன்று வளர்மதி அந்த லேப்டாப்பை என்னிடம் கொடுத்தாள். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அதுதான். மாலைகளில் அந்தப் பாதையைத் திறந்து, காரைப் புறப்பட வைக்கிறேன். முதல் சுற்று போகிறேன், இரண்டாம் சுற்றும் போகிறேன். முடிவுக்கோடு தெரிந்ததும் காரை ஓரமாக நிறுத்தி, அணைத்துவிடுகிறேன்.