இரண்டு பக்கமும் அந்தோனியார்

இங்கிலாந்து மகாராணிக்கு இங்கிலீசில் ஐமிச்சம் வந்தால் கப்பல் அனுப்பி அழைக்கவேண்டிய ஒரே ஆள் எங்கள் ஜசிந்தா அக்காதான். அல்லைப்பிட்டியில் கப்பல் வந்து நிற்க ஆழம் காணாது. அதனால்தான் மகாராணி இன்னும் பிழைவிட்டுக்கொண்டிருக்கிறார்.

வள்ளங்களுக்குப் பெயர் எழுதிவந்த எங்கள் ஐயா பாரிசவாதத்தில் விழுந்தபின், அக்கா அவருடைய பெயின்ற் பிறசை எடுத்தாள். எழுபத்திநாலில் வந்த முதல் வள்ளம், சவிரிமுத்து அண்ணையும் அவருடைய மச்சான் பறுனாந்து அண்ணையும் பங்குக்குக் கட்டியது. "பொம்பிளைப்பிள்ளை எழுதி வள்ளம் ஓடுமோ?" என்று கரையில் கதை. இது பிசகினால் இன்னொரு வள்ளம் அவளிடம் வராது. ஐயா வள்ளத்தின் பின்பக்கத்தில் தன் பெயரையும் சின்னதாகப் போடுவார். அக்கா போடவில்லை. "முதல்ல ஓடட்டும்" என்றுவிட்டாள்.

வள்ளத்தின் பெயர் அந்தோனியார். அதில் சண்டையில்லை. இங்கிலீசில் எழுதும்போது நடுவில் 'எச்' போடுவதா விடுவதா என்பதில்தான் மச்சான்மார் முறுகிக்கொண்டார்கள்.

"என்ர மோன்ர பேரை எச் போட்டுத்தான் பதிஞ்சது" என்றார் சவிரிமுத்து அண்ணை.

"என்ர அப்புவின்ர வள்ளத்தில எச் இல்லை. எந்தக் காத்துக்கும் திரும்பி வந்தது. எச் போட்டா நான் தள்ள வரமாட்டன்" என்றார் பறுனாந்து அண்ணை.

இருவரும் தோள் கொடுக்காமல் வள்ளம் இறங்காது. ஞாயிறு பூசை முடிய ஆசீர்வதிக்க வரவிருந்த சுவாமியாரையே கேட்டார்கள். "ரெண்டும் சரிதான்" என்றுவிட்டு அவர் தேத்தண்ணியைக் குடித்தார்.

கரையில் இழுத்துவைக்கும் வள்ளத்தின் முன்பக்கம் எப்போதும் ஊரைப் பார்த்தே இருக்கும். சவிரிமுத்து அண்ணையின் வீடு கிழக்கே, பறுனாந்து அண்ணையின் வீடு மேற்கே. அக்கா கிழக்குப் பக்கம் எச்சோடு எழுதினாள், மேற்குப் பக்கம் எச் இல்லாமல்.

ஞாயிறு காலை இருவரும் அவரவர் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். பறுனாந்து அண்ணை மற்றப் பக்கத்தையும் எட்டிப் பார்த்தார். நான் நகத்தைக் கடித்தேன்.

"அந்தப் பக்கம் எனக்கென்ன? நான் இந்தப் பக்கம்தானே தள்ளுறனான்" என்று தோளைக் கொடுத்தார்.

வள்ளம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. "பிள்ளை, நாளைக்கு என்ர வள்ளத்தையும் ஒருக்கா வந்து பார்" என்றார் கரையில் நின்ற மரியநாயகம். அவர்தான் முன்பு கதை கட்டியவர்.

வள்ளம் கடலுக்குத் திரும்பியபோது பின்பக்கத்தில் கோணல்மாணலாய், நீலத்தில், ஜசிந்தா என்று தெரிந்தது.

"டேய், என்ர பேரை ஆர் எழுதினது?"

"அந்தோனியாராயிருக்கும்" என்றேன், கடலைப் பார்த்தபடி.

அக்கா நாடியைப் பிடித்து என் முகத்தைத் திருப்பினாள்.

"அந்தோனியாருக்கும் நகம் கடிக்கிற பழக்கமோ? சொண்டெல்லாம் நீலமாக் கிடக்கு!"