பொக்கேயை உயர்த்திய கை

ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கூட்டிச் சொல்லும் பள்ளிப் போட்டியில், பெரிய மார்க்கெட் பூக்காரர் ஒருவர் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். மகள் ஜெயித்தால் கொடுப்பதற்கென்று மடியில் ஒரு ரோஜா பொக்கே. நார் இல்லாமலேயே அவர் விரல்கள் பூக்கட்டிக்கொண்டிருந்தன.

மகளுக்கு வந்த சொல், "பொக்கே."

"எந்த மொழியிலிருந்து வந்த சொல்?" என்று அவள் கேட்டாள்.

"பிரெஞ்சு" என்றார் நடுவர்.

அவள் யோசிப்பதற்குள் இவர் எழுந்து பொக்கேயை உயர்த்தினார். "பாப்பா, இதாண்டி!"

"உதவி செய்யக் கூடாது" என்று நடுவர் கண்டித்தார்.

"பூவத்தான சார் காட்னேன், எழுத்தயா காட்னேன்?"

அரங்கம் சிரித்தது. நடுவர் சொல்லை மாற்றினார். மாற்றிய சொல்லில் மகள் தோற்றாள்.

"மொதல் வார்த்த எனக்குத் தெரியும்பா!" என்று அழுதுகொண்டே வந்தாள்.

"தெரியும்ல? அப்ப இது உன்னுதுதான், புடி."

இன்றும் அந்தச் சொல்லை எழுதும்போது, எழுத்துகளுக்கு முன்னால் அவர் கைதான் எனக்கு நினைவில் எழுகிறது.